யோர்க் மதிலும் ஒன்பதாவது பாசலும்

யோர்க் நகரத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் பத்து என்று மகள் ஒரு பட்டியல் எடுத்துத் தந்தாள். கணினியில் தேடி, படங்களோடு அச்சடித்து, மூலையில் கிளிப் அடித்துத் தந்தாள். அந்தப் பத்தில் ஒன்பதை நான் பார்க்கவில்லை. பத்தாவதான ரயில் காட்சிசாலைக்குள் ஐந்து நிமிடம் நின்றிருக்கிறேன், அதுவும் மலசலகூடம் தேடிப் போன இடத்தில். ஆனாலும் வட இங்கிலாந்தைப் பற்றி யாராவது கேட்டால் நான் வாய் மூடாமல் சொல்லுவேன். லீட்ஸில் எந்த வீட்டு சோபா முதுகுக்கு நல்லது, பிராட்போர்ட்டில் எந்த வீட்டில் பொரிக்கிற ரோல்ஸில் உறைப்புக் கூட, யார் வீட்டில் பின்பக்கம் இறக்கிக் கட்டிய அறைக்குள் மழை ஒழுகுகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். சுற்றுலாக் கையேடுகளில் இந்த விபரங்கள் கிடையாது.

எங்களுக்குக் கலியாணமாகி முப்பது வருடம் நிறைந்த ஒக்டோபரில் போன பயணம் அது. எங்கள் வீடு கனடாவில், அஜக்ஸில் இருக்கிறது. விமான நிலையத்துக்குக் கிட்டவும் இல்லை, ரொறன்ரோ நகரத்துக்குக் கிட்டவும் இல்லை. இருந்தாலும் வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர் எல்லாருக்கும் அதுதான் முதல் தரிப்பிடம். காரணம் நான். "வாங்கோ, எங்கட வீட்டில நிக்கலாம்" என்று சொல்லாமல் ஒரு தொலைபேசி அழைப்பை முடிக்க எனக்குத் தெரியாது. சொல்வது நான், சமைப்பது மனைவி. அவளுக்கு வேலையும் சமையலறையில்தான், ஒரு முதியோர் இல்லத்தில். பகல் முழுவதும் வெள்ளைக்காரக் கிழவர்களிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து எங்கள் ஆட்களிடம் அதையே தமிழில் கேட்பாள்.

வந்தவர்களுக்கு ஊர் காட்டும் வேலையும் எங்களுடையதே. நகரத்து நடுவில் இருக்கிற அந்த உயரமான கோபுரத்துக்கு எத்தனை தரம் போயிருக்கிறோம் என்று கணக்கில்லை. ஆனால் மேலே ஏறியதில்லை. விருந்தாளிகள் ஏறுவார்கள், நாங்கள் கீழே அவர்களுடைய கோட்டுகளைப் பிடித்துக்கொண்டு நிற்போம். நீர்வீழ்ச்சியில் அவர்கள் கம்பியில் சாய்ந்து நிற்க மனைவி படம் எடுப்பாள். நான் கட்டுச்சோற்றுப் பைக்குக் காவல்.

இதன் விளைவை மகள்தான் கண்டுபிடித்தாள். முப்பதாவது நிறைவுக்குப் பெரிய திரையில் காட்டலாம் என்று வீட்டில் இருந்த படங்களையெல்லாம் கிண்டியவள், மூன்று நாள் கழித்து மேல்மாடியிலிருந்து கோபத்தோடு இறங்கி வந்தாள்.

"அம்மா, திஸ் இஸ் சோ சாட். உங்கட வெடிங்குக்குப் பிறகு நீங்கள் ரெண்டு பேரும் மட்டும் நிக்கிற படம் ஒண்டுகூட இல்ல. லைக், நத்திங்."

ஆராய்ந்து பார்த்தோம், உண்மைதான். ஒருவர் படத்தில் நின்றால் மற்றவர் கையில் கமரா. இருவரும் நின்றால் நடுவில் யாராவது பெரியப்பா.

அப்படித்தான் இந்தப் பயணத்தை மகள் பரிசாகத் தந்தாள். பரிஸ் என்றாள், லண்டன் என்றாள். மனைவி தலையை ஆட்டி மறுத்தாள், இரண்டு இடத்திலும் எங்கள் ஆட்கள். யோர்க்கில் எங்களுக்குச் சொந்தம் ஒருவரும் இல்லை. அந்த நகரத்தில் அவள் கண்ட முதற்சிறப்பு அதுதான். பிறகுதான் பட்டியலில் இருந்த ஒரு படத்தைக் கண்டாள். பழைய நகரத்தைச் சுற்றிக் கட்டிய கல் மதில், அதன் மேலே நடைபாதை, பின்னால் பெரிய தேவாலயத்தின் கோபுரங்கள். வயதான ஒரு சோடி கையைக் கோத்துக்கொண்டு நடந்து போகிறது. மனைவி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"இப்பிடி ஒருக்கா நடக்க வேணும்," என்றாள். "முன்னாலயும் ஒருத்தரும் வேண்டாம், பின்னாலயும் ஒருத்தரும் வேண்டாம். ஒரு கிழமைக்கு என்னை ஆரும் 'சாப்பிட்டியளோ' எண்டு கேக்கக்கூடாது. நானும் ஆரையும் கேக்கமாட்டன். இந்த மதிலில நிண்டு ஆரேன் வழியில போற ஆளைக் கொண்டு ஒரு படம் எடுப்பிக்க வேணும். அவ்வளவுதான்."

முப்பது வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட பெரிய காரியம் இதுதான். அதற்கு ஒரேயொரு நிபந்தனை. ஒருவருக்கும் சொல்லக்கூடாது.

ஏன் என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. ரொறன்ரோவிலிருந்து ஒருவன் இங்கிலாந்து போகிறான் என்று தெரிந்தால் அவன் மனிதனல்ல, பொதி சுமக்கிற கழுதை. நானோ இருபது வருடமாக மார்க்கம் என்ற ஊரில் ஒரு அலுவலகத்தின் தபால் அறையில் வேலை செய்கிறவன். ஒரு பொருளை உலகத்தின் எந்த மூலைக்கும் எப்படி அனுப்பலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஆட்களுக்குத் தபாலில் நம்பிக்கை கிடையாது. தபாலில் வருவது சாமான், கையில் வருவது பாசம்.

ஆகவே இரகசியம் காத்தோம். சூட்கேஸைத் தமிழ்க் கடைகள் இல்லாத பிளாசாவாகப் பார்த்து வாங்கினோம். அதை வீட்டுக்குள் கொண்டுவரும்போது எதிர்வீட்டு அங்கிள் கண்டு "எங்கேயேன் பயணமோ?" என்று கேட்டார். பேஸ்மென்டில் பழைய உடுப்பு வைப்பதற்கு என்றேன். நான் இவ்வளவு சரளமாகப் பொய் சொல்லுவேன் என்று மனைவிக்கே அன்றுதான் தெரிந்தது. சந்தோசப்பட்டாள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, பயணத்துக்கு இரண்டு கிழமை முன்னால், சும்மா கிடந்த சங்கை நான் ஊதிக் கெடுத்தேன்.

நாங்கள் கத்தோலிக்கர். ஞாயிறு தவறாமல் ஸ்காபரோவில் தமிழ்ப் பூசைக்குப் போகிறவர்கள். மனிதருக்கு மறைத்ததைக் கடவுளுக்கும் மறைப்பது சரியில்லை என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. கோயில் அலுவலகத்தில் போய், எந்த வேண்டுதலுக்காகப் பூசை என்று எழுதும் பூசைக்கருத்துத் தாளில் குடும்பத்தின் பெயரை எழுதி, "யோர்க் நகரப் பயணம் நலமாக அமைய" என்று ஒரு கருத்தும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். முப்பது வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் பீடத்திலிருந்து மற்றவர்களுடைய கருத்துகள் உரக்க வாசிக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டு இருப்பவன்தான் நான். யாருக்கு ஒப்பரேஷன், யாருக்குப் பரீட்சை, யாருக்கு வீடு விற்கவில்லை என்பதெல்லாம் எனக்கு அப்படித்தான் தெரியவரும். ஆனால் மற்றவனுடையதைத்தான் வாசிப்பார்கள், என்னுடையதை நேரே மேலே அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குள் ஏதோ ஒரு நினைப்பு.

சுவாமியார் தெளிவாக வாசித்தார். எங்கள் குடும்பப் பெயரைச் சொல்லி, "இங்கிலாந்து நாட்டின் யோர்க் நகருக்குப் பயணமாகும்" என்று, நான் எழுதாத நாட்டையும் சேர்த்து, ஆட்கள் குழம்பிவிடக்கூடாது என்ற அக்கறையோடு வாசித்தார். மார்க்கம் இருக்கிற பிரதேசத்துக்கும் யோர்க் என்றுதான் பெயர், சுவாமியார் கொஞ்சம் அசட்டையாக இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். மனைவி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் சிலுவையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு நான் பக்தியாக நின்றதுபோல முன்பும் நின்றதில்லை, பின்பும் நின்றதில்லை.

பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் ஊற்றுவதற்குள் மூன்று பேர் வந்துவிட்டார்கள்.

"யோர்க்கோ? என்ர தங்கச்சி லீட்ஸ்ல. அரை மணித்தியாலம்."

"எங்கட மச்சான் பிராட்போர்ட். அதுவும் அரை மணித்தியாலம்தான்."

இங்கிலாந்தில் எந்த இடமும் இன்னொரு இடத்திலிருந்து அரை மணித்தியாலம் என்பது எங்கள் ஆட்களின் உறுதியான நம்பிக்கை. அஜக்ஸிலிருந்து கோயிலுக்கு வருவதற்கே சில ஞாயிறுகளில் 401 நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம் எடுக்கும். அதைச் சொன்னால், "அது கனடா பெரிய நாடு, உது சின்ன நாடுதானே" என்பார்கள்.

பொதிகள், எங்கள் பேச்சில் பாசல்கள், வரத் தொடங்கின. எல்லாமே "சின்னப் பாசல்". யாழ்ப்பாணத்தில் இடித்து, கொழும்பால் ரொறன்ரோ வந்து, இப்போது இங்கிலாந்து போகப்போகிற மிளகாய்த்தூள். ஸ்காபரோவில் தைத்த நான்கு சட்டைகள். பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல் மா. மேப்பிள் பாகு. எல்லாவற்றுக்கும் சிகரமாக ஒரு அன்ரி தன் மகளின் கலியாண அல்பத்தைக் கொண்டுவந்தார். இப்போதெல்லாம் அல்பம் என்பது அல்பம் இல்லை. தோல் பெட்டி, பெட்டிக்குள் வெல்வெட், வெல்வெட்டுக்குள் பலகை மாதிரித் தாள்கள். இருவராகத் தூக்கித்தான் காரில் இருந்து இறக்கினோம்.

"படங்களை போனில அனுப்பலாமே, அன்ரி," என்றேன்.

"அவை தொட்டுப் பார்க்க வேணும் எல்லே," என்றார்.

மனைவி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு இருந்தாள். எட்டுப் பாசல். அவளும் ஒருவருக்கும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக்கூடியவள் அல்ல, அதுதான் எங்கள் பொருத்தம். திங்கள் போய் இறங்குவது, செவ்வாயிலிருந்து வெள்ளிவரை பாசல், சனி மதில், ஞாயிறு திரும்புவது. சனிக்கிழமையைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தாள்.

"இந்த ஒரு நாள்," என்றாள். "இது என்ர."

"சத்தியமா," என்றேன்.

ஒன்பதாவது பாசல் விமான நிலையத்தில் வந்தது. மனைவி கைகழுவப் போன நேரம் பார்த்து, எங்களோடு கோயிலில் பாடுகிற அண்ணை ஒருவர் மூச்சு வாங்க ஓடிவந்தார். மனிதர் இதற்கென்று அஜக்ஸிலிருந்து கார் ஓடி வந்திருக்கிறார். கையில் ஒரு சின்ன உறை.

"இது பாசலே இல்லை. முழங்காலுக்குப் போடுற பட்டி. என்ர தமையன் ஹல்லில, அதுவும் யோர்க்கில இருந்து அரை மணித்தியாலம்தான். நடக்க ஏலாமக் கிடக்கிறார், பாவம். தபாலில போட்டால் எப்ப போய்ச் சேருமோ. நீங்கள் கையில குடுத்தியளெண்டால் அவருக்குச் சந்தோசமா இருக்கும்."

இங்கிலாந்தில் மருந்துக்கடை இல்லையா என்று கேட்டிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. வாயைத் திறந்தபோது "ஓம் அண்ணை, அதுக்கென்ன" என்று வந்தது. உறையைக் கோட்டின் உட்பையில் வைத்தேன். மனைவி வந்து "ஆரது?" என்றாள். "வேற ஆரையோ வழியனுப்ப வந்தவர்," என்றேன். சூட்கேஸ் விசயத்தில் பழகின பொய் இப்போது அவள் பக்கமே திரும்பியது.

யோர்க்கில் எங்கள் விடுதி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். யன்னலைத் திறந்தால் எதிரே மதில். புல் மேட்டின் மேலே, படத்தில் இருந்தது மாதிரியே, ஆட்கள் நடந்து போகிறார்கள். செவ்வாய் காலை அதைப் பார்த்துக்கொண்டே மிளகாய்த்தூளோடு லீட்ஸுக்கு ரயில் ஏறினோம். புதன் அதைப் பார்த்துக்கொண்டே அல்பத்தோடு பிராட்போர்ட். மனைவி கைப்பையில் மகளின் பட்டியல் மடித்தபடியே வந்துபோனது.

வட இங்கிலாந்தில் எங்கள் ஆட்கள் விருந்தாளிக்குக் காட்டும் இடங்களை இங்கே பதிவுசெய்வது என் கடமை. முதலாவது, பின்பக்கம் இறக்கிக் கட்டிய அறை. அதன் கூரை, அதன் விளக்கு, அதற்கு அனுமதி தர மறுத்த அதிகாரியின் குணம். இரண்டாவது, ரொறன்ரோவில் இருப்பதுபோலவே இருக்கிற தமிழ்க் கடை. "உங்க ரொறன்ரோவில கிடைக்கிற எல்லாம் இஞ்சயும் கிடைக்கும்" என்று பெருமையாகக் காட்டினார்கள். அலுமாரியில் நாங்கள் சுமந்து வந்த அதே மிளகாய்த்தூள், அதே பை, அதே படம். மூன்றாவது, மகன் படித்த பள்ளிக்கூடத்தின் வாசல் கேற். இவை முடிந்தால் சோபா.

எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். யோர்க் என்றோம்.

"யோர்க்கோ? அங்க என்ன கிடக்கு, பழைய மதில்தானே," என்றார் லீட்ஸ் வீட்டுக்காரர்.

"நீங்கள் போயிருக்கிறியளோ?" என்று மனைவி கேட்டாள்.

"இருபத்தைஞ்சு வருசமா போவம் போவம் எண்டுதான் இருக்கிறம். ஆக்கள் வந்தால் கூட்டிக்கொண்டு போகலாம். ஆனா வாறவையெல்லாம் வீடுகளுக்குப் போயிட்டுப் போயிடுவினம்."

நான் சிரித்தேன். பிறகு எங்கள் ஊரில் நாங்கள் ஏறாத கோபுரம் ஞாபகம் வந்து சிரிப்பைக் குறைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு வீட்டிலும் மனைவி பத்து நிமிடத்தில் சமையலறைக்குள் போய்விடுவாள். யாரும் கூப்பிடவில்லை, பழக்க தோஷம். ஏனங்களைக் கழுவுவாள், ரோல்ஸ் பொரிக்க உதவுவாள். "சாப்பிட்டியளோ" என்ற கேள்வியை அந்த நான்கு நாட்களில் கேட்காத வாயில்லை. வியாழக்கிழமை, தங்கச்சி வீட்டுக்குப் போனவர்கள் அக்கா வீட்டுக்கு வரவில்லை என்று மனவருத்தம் கிளம்பி, வெள்ளிக்கிழமை திரும்பவும் லீட்ஸ். எட்டுப் பாசலையும் கொடுத்து முடித்தோம். பதிலுக்கு ரொறன்ரோவுக்கென்று பதினொரு பாசல் தந்தார்கள்.

வெள்ளி மாலை விடுதிக்கு வந்ததும் மனைவி சப்பாத்தைக் கழற்றிவிட்டு யன்னலோரம் இருந்தாள். "இனி நாளைக்கு," என்றாள். முகம் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது. நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஹல்லுக்குப் போன் எடுத்தேன். உறையைத் தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்கத்தான் எடுத்தேன், கடவுள் சாட்சி. அண்ணையின் தமையன் என்னைப் பேசவே விடவில்லை.

"நாளைக்கு வாறியள்தானே? தம்பி சொன்னவன். மனுசி விடிய மீன் வாங்கப் போறா."

மீன் என்ற சொல்லுக்குப் பிறகு எங்கள் பண்பாட்டில் மறுப்புக் கிடையாது.

சனிக்கிழமை காலை வெயில் எறித்தது. இங்கிலாந்தில் ஒக்டோபர் கடைசியில் அப்படி ஒரு வெயிலுக்கு எத்தனை பேர் காத்திருப்பார்களோ. மனைவி இந்தப் பயணத்துக்கென்றே வாங்கிய நீலக் கோட்டைப் போட்டாள், கலியாணத்தோட்டைக் காதில் போட்டாள். பட்டியலை விரித்துக் கையில் வைத்துக்கொண்டாள். மதிலுக்கு ஏறும் கல்படியடிக்கு வந்தோம். அவள் ஒரு படி ஏறிவிட்டாள். நான் நின்றேன்.

"இஞ்சரும்," என்றேன். "ஒரு சின்ன விசயம்."

கோட்டிலிருந்து உறையை எடுத்தபோது அவளுக்கு விளங்கிவிட்டது. நான் சொல்லச் சொல்ல, படியில் நின்றபடியே கேட்டாள். வீதியோரத்தில் ஒரு சிவப்புத் தபால்பெட்டி நின்றது. அதைக் காட்டினாள்.

"தபாலில போடுங்கோ."

"கையில குடுக்கச் சொன்னவை."

"இருவது வருசமா உந்த வேலைதானே செய்யிறியள். போடுங்கோ."

"அவை மீன் வாங்கிப் போட்டினம்."

அவள் தபால்பெட்டியைக் காட்டிய கையை இறக்கினாள். என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அரை மணித்தியாலம்தான். குடுத்திட்டு ஓடி வாறன். மத்தியானம் நடப்பம்," என்றேன். அரை மணித்தியாலம் என்று என் வாயும் சொன்னதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

"போங்கோ," என்றாள்.

ஹல்லுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்கும் மேலே. நடக்க ஏலாத தமையன் நிலையத்துக்குக் காரோடு வந்து நின்றார். முன்முற்றத்துப் புல்லை அன்று காலைதான் வெட்டி முடித்ததாகச் சொன்னார். உறையைப் பிரித்துப் பார்த்து மிகவும் சந்தோசப்பட்டு, மேசை லாச்சியில் அதே மாதிரி மூன்று பட்டிகளுக்கு மேலே வைத்தார். பின்பக்கம் இறக்கிய அறையைக் காட்டினார். மீன் குழம்பு, மீன் பொரியல், சொதி. நல்ல கை. மனைவியை ஏன் கூட்டிவரவில்லை என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டார்கள். அவவுக்குத் தலையிடி என்றேன். இரண்டு ரயில்களை விட்டேன், ஒன்று பாயாசத்துக்காக.

யோர்க்கில் இறங்கியபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நிலையத்திலிருந்து ஓடினேன், இந்த வயதில், பைக்குள் ஹல் வீட்டார் தந்த பன்னிரண்டாவது பாசலோடு. மதிலை இருட்டுப்பட முன் பூட்டிவிடுவார்கள் என்பது பட்டியலில் மூன்றாம் வரியில் இருக்கிறது. நான்தான் வாசிக்கவில்லை. படியடியில் ஒரு மனிதர் இரும்புக் கேற்றைச் சாத்திப் பூட்டிக்கொண்டிருந்தார். "நாளைக்குக் காலையில் வாருங்கள்" என்று அன்பாகச் சொன்னார். நாளைக்குக் காலையில் விமானம்.

மனைவி கீழே ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். பட்டியல் மடிக்கப்பட்டுக் கைப்பைக்குள் போயிருந்தது. நான் முன்னால் போய் நின்றேன். போன மச்சான் திரும்பி வந்தான் என்ற கதையாக நின்றேன். ஒரு வாரம் ஒருவரையும் கேட்கமாட்டேன் என்றிருந்தவள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"சாப்பிட்டியளோ?"

"ஓம்," என்றேன்.

ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்த கிழமையே பாசல் எடுக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களெல்லாம் யோர்க் எப்படி என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கும் முன் மனைவி சொல்லத் தொடங்கினாள். அவள் அன்று முழுநாளும் என்ன செய்தாள் என்று நானும் அப்படித்தான் அறிந்தேன். மதிலை இரண்டு தரம் சுற்றியிருக்கிறாள். அந்தப் பெரிய தேவாலயத்துக்குள் போய்க் கண்ணாடி யன்னலுக்கு நேரே ஒரு மணித்தியாலம் இருந்திருக்கிறாள். "அது அங்கிலிக்கன் கோயில் எல்லே?" என்று ஒரு அன்ரி இழுக்க, "முந்தி எங்கடதானே," என்று முடித்தாள். வீடுகள் ஒன்றையொன்று தொடுவதுபோலச் சாய்ந்து நிற்கிற ஒடுங்கிய தெருவில் நடந்திருக்கிறாள். ஆட்கள் வரிசையில் நின்று போகிற தேநீர்க்கடையில் தானும் நின்று, தனி மேசையில் இருந்து, யாரோ கொண்டுவந்து வைத்த தேநீரைக் குடித்திருக்கிறாள். தன் வாழ்க்கையில் அப்படிக் குடித்தது அதுதான் முதல் தரம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நான் பக்கத்தில் இருந்து தலையாட்டுவேன். எல்லாரும் நாங்கள் இருவரும் போனதாகவே நினைத்தார்கள், நானும் திருத்தவில்லை. ஒரு நாள் ஊக்கம் கூடி, "படி கொஞ்சம் வழுக்கும்" என்றுகூடச் சேர்த்துவிட்டேன். மனைவி என்னைப் பார்த்துவிட்டுத் தட்டை நீட்டி, "ரோல்ஸ் எடுங்கோ" என்றாள். வாயை அடைப்பதற்குத்தான் தந்தாள் என்று எனக்கு விளங்கியது.

பிறகு மகள், அன்று வழியில் போன ஒருவர் மனைவியின் போனில் எடுத்துக் கொடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஹோல் சுவரில் மாட்டினாள். மதில்மேல் மனைவி, நீலக் கோட்டோடு. பின்னால் தேவாலயக் கோபுரங்கள், மஞ்சளாகிப்போன மரங்கள். நல்ல படம்தான், ஆனால் அவள் ஒரு கரையில் நிற்கிறாள். மறுபாதி வெறும் கல்லும் வானமும். வருகிறவர்கள் எல்லாரும் அதைக் கவனித்தார்கள்.

"எடுத்தவனுக்குப் படமெடுக்கத் தெரியாது," என்றேன் ஒரு நாள், மகளும் இருந்த நேரம். "வழியில போறவனிட்டக் குடுத்தால் உப்பிடித்தான். நடுவில நிப்பாட்ட வேணும் எண்டுகூடத் தெரியேல்ல."

மனைவி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவர் நடுவில நிக்கச் சொன்னவர். ரெண்டு தரம் கையைக் காட்டிச் சொன்னவர். நான்தான் தள்ளி நிண்டனான்."

நான் எழும்பிப் படத்துக்குக் கிட்டப் போய் அந்த வெறும் பாதியைப் பார்த்தேன். ஹல்லில் நான் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்ட நேரத்தில் அவள் அந்த இடத்தை எனக்கென்று விட்டுவிட்டு நின்றிருக்கிறாள்.

மகளுக்கு என் முகத்தைப் பார்க்க இரக்கம் வந்துவிட்டது. போனைக் கையில் எடுத்தாள்.

"அப்பா, இட்ஸ் ஓகே. நான் உங்களை இதுக்குள்ள ஆட் பண்ணலாம். அங்க எடுத்த வேற படத்தில இருந்து. ரெண்டு மினிட்ஸ் வேலை. ரியல் மாதிரியே இருக்கும், நோபடி வில் நோ."

உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு ஆசை வந்தது. வேலையும் இல்லை, ரயிலும் இல்லை, இரண்டு நிமிடத்தில் நான் மதிலில் நிற்பேன். கிட்டத்தட்ட ஓம் என்று சொல்லிவிட்டேன்.

"வேண்டாம்," என்றாள் மனைவி. மடித்த உடுப்பை எடுத்துக்கொண்டு எழும்பினாள். "இடம் அப்பிடியே கிடக்கட்டும். அப்பா வந்தால் நிக்கட்டும்."